குடி அரசு அச்சான ஊரில்

வெள்ளிக்கிழமை, ஈரோடு

தமிழ்நாட்டு அரசியலின் போக்கையே மாற்றிய ஏடுகளில் சில, தலைநகரான சென்னையில் பிறக்கவில்லை. ‘குடி அரசு’ ஈரோட்டில் அச்சானது. ‘திராவிட நாடு’ 1942இல் காஞ்சிபுரத்திலிருந்து வந்தது. ‘முரசொலி’ அதே ஆண்டில் திருவாரூரில் துண்டறிக்கையாகத் தலைகாட்டியது. இவற்றுள் மூத்ததான குடி அரசின் கதையை அதன் ஊரில் இருந்தபடி எழுதிப் பார்க்க வேண்டும் என்ற எண்ணத்தில்தான் ஏற்காடு விரைவு வண்டியில் ஏறினேன். கொள்கை வரலாறாக அந்த இதழைப் பற்றி வேண்டிய அளவு எழுதப்பட்டுவிட்டது. மஞ்சளும் துணியும் விற்கும் ஒரு சந்தை ஊரிலிருந்து ஒரு வார ஏட்டை யார் பெயரில், யார் பொறுப்பில், எந்த வசதிகளைக் கொண்டு நடத்தினார்கள் என்பதே எனக்கு வேண்டியிருந்தது.

விடியற்காலையில் ஈரோடு சந்திப்பில் இறங்கியதும் அந்த வசதிகளில் ஒன்று கண்ணுக்கு முன்னால் நின்றது. சென்னையிலிருந்து சேலம் வழியாகக் கோவைக்கும் அதற்கப்பால் மலையாளக் கரைக்கும் போகும் பாதையும், திருச்சியிலிருந்து கரூர் வழியாக வரும் பாதையும் இங்கேதான் கூடுகின்றன. வாரம் ஒருமுறை கட்டுக்கட்டாகத் தபாலில் போக வேண்டிய ஓர் ஏட்டுக்கு இதைவிடத் தோதான ஊர் கொங்கு நாட்டில் இல்லை என்றே சொல்வேன். ஈ.வெ. ராமசாமி ஈரோட்டுக்காரர் என்பதால் ஏடு ஈரோட்டில் பிறந்தது. அது ஈரோட்டிலேயே நிலைத்ததில் இந்த ரயில் பாதைகளுக்கும் ஒரு பங்கு உண்டு.

பன்னீர்செல்வம் பூங்காவைக் கடந்து, பெரியார் வீதியில் உள்ள பெரியார் அண்ணா நினைவகத்துக்குச் சென்றேன். பள்ளிப் பிள்ளைகள் ஒரு கூட்டமாக வந்து, ஒளிப்படங்களுக்குக் கீழே எழுதியிருப்பதை உரக்கப் படித்துக்கொண்டே நகர்ந்தார்கள். சுவரில் இருப்பவை பெரும்பாலும் மாநாடுகள், ஊர்வலங்கள், மேடைகள். அச்சுக்கூடத்தைப் பற்றி நினைக்க வைப்பவை குறைவு. அதனால் அங்கே அமர்ந்தே குறிப்பேட்டில் தொடக்கக் கதையை எழுதிக்கொண்டேன்.

கள்ளுக்கடை மறியலை ஒட்டிய சிறைவாசத்தின்போதே, ஈரோட்டு வழக்கறிஞரும் காங்கிரஸ்காரருமான வா.மு. தங்கபெருமாள் பிள்ளையுடன் சேர்ந்து ஒரு பத்திரிகை தொடங்குவது பற்றி ஈ.வெ.ரா. திட்டமிட்டிருந்தார். வைக்கம் போராட்டம் இடையில் வந்தது. கடைசியில் 1925 மே 2ஆம் நாள், சனிக்கிழமை, குடி அரசின் முதல் இதழ் வெளிவந்தது. ஆசிரியர்களாக இருவர் பெயரும் இருந்தன. அச்சகத்துக்கு ‘உண்மை விளக்கம்’ என்று பெயர். தொடக்க விழாவுக்கு வந்து அதைத் திறந்து வைத்தவர் திருப்பாதிரிப்புலியூர் ஞானியார் அடிகள். பிற்காலத்தில் கடவுள் மறுப்புக்காகவே அறியப்பட்ட ஓர் ஏட்டை ஒரு சைவ மடத்துத் துறவி தொடங்கி வைத்தார் என்பதைச் சிலர் கேலியாகவும், சிலர் சங்கடத்தோடும் குறிப்பிடுவார்கள். எனக்கு இரண்டும் தோன்றவில்லை. 1925 மே மாதத்தில் ஈ.வெ.ரா. காங்கிரஸ்காரர், கதர் பரப்பியவர், முதல் தலையங்கத்தில் இறையருளை வேண்டியவர். அரசியல், பொருளியல், சமூகவியல், ஒழுக்கவியல் ஆகிய எல்லாத் துறைகளிலும் நாடு மேன்மையடையப் பாடுபடுவதாக அந்தத் தலையங்கம் சொல்கிறது. அந்தக் காலத்துத் தேசியப் பத்திரிகை எதிலும் வந்திருக்கக்கூடிய எழுத்துதான் அது.

ஆனால் அந்த ஆண்டு முடிவதற்குள் எல்லாம் மாறிவிட்டது. சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்கும் மற்றவர்களுக்கும் தனித்தனிப் பந்தி என்ற செய்தி கிளப்பிய பூசல், நவம்பரில் திரு.வி.க. தலைமையில் நடந்த காஞ்சிபுரம் மாநாட்டில் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானம் ஏற்கப்படாமல் போனது, அதைத் தொடர்ந்து ஈ.வெ.ரா. வெளியேறியது எல்லாம் பாடநூல்களிலேயே உள்ளவை. இதழின் வரலாற்றில் அவற்றின் பொருள் ஒன்றுதான். காங்கிரசின் பத்திரிகையாகத் தொடங்கியது, ஆறே மாதத்தில் எந்தக் கட்சியின் பணத்தையும் ஆதரவையும் எதிர்பார்க்க முடியாத பத்திரிகையாக ஆகிவிட்டது. அதற்குப் பிறகு அது நின்றது வெங்கட்ட நாயக்கர் குடும்பத்து வணிகச் செல்வாக்கின் மேல்; அந்தக் குடும்பத்து மனிதர்களின் மேல்.

சனிக்கிழமை, ஈரோடு

காலையில் மணிக்கூண்டுப் பக்கமாக நடந்து, அச்சகங்கள் நெருக்கமாக உள்ள ஒரு சந்துக்குள் போனேன். இப்போது எல்லாம் ஆஃப்செட், ஃபிளெக்ஸ் என்று ஆகிவிட்டது. ஒரே ஒரு கடையில் மட்டும் பழைய டிரெடில் அச்சுப்பொறி ஒன்று, பில் புத்தகத்துக்கு நம்பர் போடவும் துளைக்கோடு இடவும் ஓடிக்கொண்டிருந்தது. எழுபது வயதைக் கடந்த உரிமையாளர், நான் வந்த காரியத்தைச் சொன்னதும், “உள்ள வாங்க தம்பி, கேஸ் ஒண்ணு இன்னும் வெச்சிருக்கறனுங்க” என்று அழைத்துப் போய், மேசைக்கடியிலிருந்து ஒரு மரத்தட்டை இழுத்தார். ஈய எழுத்துகள் தூசி படிந்து அறை அறையாகக் கிடந்தன. அவர் கண்ணால் பார்க்காமலே கையை நீட்டி ஒரு ‘க’, ஒரு ‘ட’ என்று எடுத்து உள்ளங்கையில் வரிசையாக வைத்துக் காட்டினார். எழுத்து தலைகீழாகத்தான் இருக்கும், வாசிக்கப் பழகினால்தான் கம்பாசிட்டர் என்றார்.

பழைய ‘லை’ இருக்கிறதா என்று கேட்டேன். வேறோர் அறையில் துழாவி ஒன்றை எடுத்தார். தலைக்கு மேலே தும்பிக்கை வளைந்திருக்கும் அந்த எழுத்தை இளையவர்கள் பலர் பார்த்திருக்க மாட்டார்கள். “இது ஒண்ணு உடைஞ்சா வேற இல்லீங்க. காலும் கொம்பும் தனித்தனியா வந்த பொறவுதான் எங்களுக்கு நிம்மதி” என்றார். குடி அரசின் சீர்திருத்தங்களில் இன்று ஒவ்வொரு தமிழரும் நாள்தோறும் பயன்படுத்துவது இதுதான். 1935 சனவரியில் மீண்டும் வெளிவரத் தொடங்கியபோது, ணா, றா, னா என்ற மூன்றையும் ணை, லை, ளை, னை என்ற நான்கையும் தனி வடிவங்களாக அல்லாமல், மற்ற எழுத்துகளைப் போலவே காலும் ஐகாரக் கொம்பும் சேர்த்து அச்சிட அந்த இதழ் தொடங்கியது. பழைய ஒகர, ஓகார வரிசையில் ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ என்ற ஆறும் அந்த மூன்று ஆகார வடிவங்களைக் கொண்டே கோக்கப்பட்டதால், கேஸிலிருந்து ஏழு அச்சுகளை எடுத்துவிட்டால் பதின்மூன்று எழுத்துகள் தாமாகவே மாறிவிடும். 1978இல் எம்.ஜி.ஆர். அரசு ஆணையிட்டு ஏற்றுக்கொண்டது இந்தப் பதின்மூன்றைத்தான்.

இந்தச் சீர்திருத்தத்தை மொழி அரசியலாக மட்டும் பார்ப்பவர்கள், அது ஓர் அச்சுக்கூட முதலாளியின் கணக்கும்கூட என்பதை விட்டுவிடுகிறார்கள் என்று அந்தக் கேஸைப் பார்த்தபோது தோன்றியது. ஈ.வெ.ரா. சிக்கனத்துக்குப் பேர் போனவர். எழுத்து வார்ப்பவரிடம் பணம் கொடுத்து வாங்க வேண்டியவரும், அச்சுக் கோப்பவரின் நேரத்துக்குக் கூலி கொடுக்க வேண்டியவரும் அவரே. அறிஞர் குழு ஒன்று கூடி இதைச் செய்ய முனைந்திருந்தால் பல ஆண்டுகள் பேசியே கழித்திருக்கும். ஈரோட்டில் ஒரு வார இதழில் மாற்றினார், வாசகர்கள் பழகிக்கொண்டார்கள்.

மாலையில் காவிரிக் கரைப் பக்கம் போய்விட்டு அறைக்குத் திரும்பினேன். ஜவுளிச் சந்தை நாள் இல்லையென்பதால் தெருக்கள் காலியாக இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை, ஈரோடு

முப்பதுகளில் குடி அரசு ஞாயிறுதோறும் வந்த ஏடு. வார ஏடு என்பதால் செய்தியை முந்தித் தருவது அதன் வேலையாக இல்லை; நடந்ததற்கு என்ன பொருள் என்று சொல்வதே வேலை. 1931 மார்ச் 23, திங்கட்கிழமை பகத்சிங் தூக்கிலிடப்பட்டார். அதே வார ஞாயிறு, மார்ச் 29 இதழில் பகத்சிங்கைப் பற்றிய தலையங்கம் வந்துவிட்டது. அந்த ஆண்டு அக்டோபரில் கம்யூனிஸ்ட் அறிக்கையின் தமிழாக்கம் வரத் தொடங்கியது. சிங்காரவேலர் பொருளியலும் அறிவியலும் எழுதினார். 1932 இறுதியில் ஐரோப்பியப் பயணம் முடிந்து ஈ.வெ.ரா. திரும்பிய பிறகு, ஈரோட்டில் கூடிய சுயமரியாதைத் தொண்டர்கள் சமதர்மத் திட்டம் ஒன்றை வகுத்தார்கள். ‘ஈரோட்டுத் திட்டம்’ என்று இன்றும் அதற்குப் பெயர். 1936இல் அம்பேத்கர் பேசாமல் விட்ட, ஆனால் அச்சிட்ட, சாதி ஒழிப்பு பற்றிய லாகூர் உரை, தமிழில் குடி அரசில் தொடராக வந்தது. சில ஆயிரம் படிகள் விற்கும் ஒரு மாவட்ட ஊர் ஏடு, உலகத்துச் செய்திகளை இவ்வளவு விரைவாகத் தன் வாசகர்களிடம் கொண்டுசேர்த்ததை வேறெங்கும் எளிதில் காட்ட முடியாது.

இதற்கான விலையைக் கொடுத்தவர்கள் யார் என்பதுதான் நான் ஈரோட்டில் எழுத விரும்பிய செய்தி. 1867ஆம் ஆண்டுப் பத்திரிகைச் சட்டப்படி, ஓர் ஏட்டை அச்சிடுபவரும் வெளியிடுபவரும் யார் என்று நடுவர் முன் உறுதிமொழி கொடுத்தாக வேண்டும். ஏட்டின் மேல் வழக்கு வந்தால் முதலில் தட்டப்படும் கதவு அவர்களுடையது. பெரிய நகரத்துப் பத்திரிகைகள் இதற்கென்றே சம்பளத்துக்கு ஆள் வைத்ததும் உண்டு. ஈரோட்டில் அப்படி இல்லை. வெளியிடுபவராக இருந்தவர் ஈ.வெ.ரா.வின் தங்கை எஸ்.ஆர். கண்ணம்மாள். 1921இல் ஈ.வெ.ரா.வின் மனைவி நாகம்மையாரோடு சேர்ந்து கள்ளுக்கடை மறியலில் நின்ற அதே கண்ணம்மாள்தான். உண்மை விளக்கம் அச்சகத்தின் நூல் வெளியீட்டில் அண்ணன் ஈ.வெ. கிருஷ்ணசாமியின் பெயர் இருந்தது.

1933 அக்டோபர் 29 இதழின் தலையங்கம் ‘இன்றைய ஆட்சி முறை ஏன் ஒழிய வேண்டும்?’ என்பது. வழக்குக்கு அந்தத் தலைப்பே போதுமானது என்று அரசு நினைத்திருக்கலாம். நவம்பரில் குடி அரசு நின்றது. நவம்பர் 26ஆம் நாள் ‘புரட்சி’ என்ற பெயரில் வேறோர் ஏடு வந்தது. டிசம்பர் இறுதியில் எழுதிய அண்ணனும் வெளியிட்ட தங்கையும் கைதானார்கள். 1934 நடுவில் புரட்சியும் நின்றது. ஆகஸ்டில் ‘பகுத்தறிவு’ வார ஏடாக வந்தது. 1935 சனவரி 13ஆம் நாள் குடி அரசு பழைய பெயரில் திரும்பியது. பதினான்கு மாதத்துக்குள் மூன்று பெயர்கள். வாசகருக்கு வந்து சேர்ந்தது ஒரே ஏடுதான். அரசின் கோப்புகளில்தான் அவை வேறு வேறு ஏடுகள்.

திங்கட்கிழமை, கோயம்புத்தூர்

காலையில் ரயிலில் கோவைக்கு வந்து, மத்திய சிறையின் வெளிச்சுவரை ஒட்டி நடந்தேன். வ.உ.சி. செக்கிழுத்த சிறை என்பதால் அதன் பெயர் எல்லோருக்கும் தெரியும். குடி அரசுக்கும் இதற்கும் உள்ள உறவு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ராஜத்துரோகப் பிரிவான 124-அ-வின் கீழ் நடந்த வழக்கு கோவையில்தான் விசாரிக்கப்பட்டது. ஈ.வெ.ரா. எதிர்வழக்காடவில்லை, எழுத்து மூலம் ஒரு வாக்குமூலம் கொடுத்தார். வன்முறை இல்லாமல் சமதர்மக் கருத்தைப் பரப்புவதே தம் வேலை, அதற்குத் தண்டனை தருவதானால் பெற்றுக்கொள்கிறேன் என்பது அதன் சாரம். 1934 சனவரியில் அவருக்கு ஒன்பது மாதச் சிறையும் கண்ணம்மாளுக்கு மூன்று மாதச் சிறையும், கூடவே அபராதமும் விதிக்கப்பட்டன.

அடுத்து வந்தது இன்னும் கடினமான கட்டம். பகத்சிங் தாம் நாத்திகரானதன் காரணங்களை விளக்கி எழுதிய கட்டுரையை ப. ஜீவானந்தம் தமிழில் பெயர்த்தார். உண்மை விளக்கம் அச்சகம் அதைச் சிறுநூலாக வெளியிட்டது. 1935இல் மொழிபெயர்த்த ஜீவாவும் வெளியிட்ட கிருஷ்ணசாமியும் கைதானார்கள். இயக்கத்தையே தடை செய்யும் நோக்கம் அரசுக்கு இருப்பதாகக் கருதிய ஈ.வெ.ரா., இருவரையும் மன்னிப்புக் கேட்டு வெளியே வரச் சொன்னார். அவர்களும் வந்தார்கள். சமதர்மப் பிரசாரத்தை ஒதுக்கி வைத்து, சமூகச் சீர்திருத்த வேலையைக் காப்பாற்றுவது என்ற தம் முடிவை அந்த மார்ச் மாதமே குடி அரசில் வெளிப்படையாக எழுதினார். ஜீவா பிரிந்து போனதற்கு இதுவே வழிவகுத்தது.

பெரியாரைப் போற்றுவோர் இந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டுகிறார்கள். அவரை மறுப்போர் இந்தப் பக்கத்தை மட்டுமே திறந்து வைக்கிறார்கள். கோவைச் சிறைச் சுவரின் நிழலில் நின்றபோது, இதை ஒரு பத்திரிகைக்காரனின் கணக்காகவும் பார்க்க முடியும் என்று எனக்குத் தோன்றியது. அச்சகம் பறிபோனால் அந்த ஊரில் வேறு அச்சகம் கிடைக்காது. தங்கை ஏற்கெனவே சிறைக்குப் போய் வந்துவிட்டார், இப்போது அண்ணன். குடும்பத்தை அடித்தளமாகக் கொண்ட ஓர் ஏட்டின் வலிமையும் அதுதான், அதன் பலவீனமும் அதுதான். அவர் செய்தது சரி என்று இதனால் ஆகிவிடாது. கூடவே நின்ற இளைஞர்கள் பட்ட ஏமாற்றம் நியாயமானது.

மதியம் அன்னபூர்ணாவில் சாப்பிட்டுவிட்டு, இரவு வண்டிக்குக் காத்திருந்த நேரத்தில் பிந்திய ஆண்டுகளைப் பற்றிய குறிப்புகளை ஒழுங்குபடுத்தினேன். நீதிக்கட்சியின் ஏடாக 1935 ஜூன் 1ஆம் நாள் சென்னையில் தொடங்கிய ‘விடுதலை’ பின்னர் ஈ.வெ.ரா.வின் பொறுப்புக்கு வந்து, சில காலம் ஈரோட்டிலேயே அச்சானது. அந்த ஆண்டுகளில் சி.என். அண்ணாதுரை ஈரோட்டில் தங்கி அந்த இரண்டு ஏடுகளிலும் எழுதினார். 1945இல் புதுச்சேரி மாநாட்டை ஒட்டித் தாக்கப்பட்ட மு. கருணாநிதியை ஈ.வெ.ரா. தம்முடன் அழைத்துவந்து குடி அரசின் துணையாசிரியர் ஆக்கினார். ஏறத்தாழ ஓராண்டுக்குப் பிறகு அவர் திரைப்பட வசனம் எழுதக் கோவைக்குப் போனார். பின்னாளில் முதலமைச்சர்களான இருவர் ஒரே சந்தை ஊரின் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தியவர்கள் என்பதைப் பத்திரிகைத் தொழிலில் இருப்பவர்கள் கொஞ்சம் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம்.

புதன்கிழமை, சென்னை

வேப்பேரி பெரியார் திடலில் உள்ள நூலகத்தில் பழைய இதழ்களின் பக்கங்களைப் பார்த்தேன். முதலில் 1927 டிசம்பர் 18 இதழையும் 25 இதழையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். முன்னதில் ஆசிரியர் பெயருக்குப் பின்னால் நாயக்கர் என்று இருக்கிறது, பின்னதில் இல்லை. பெரிய முழக்கம் எதுவும் இல்லாமல் ஒரு வாரத்தில் முகப்பிலிருந்து சாதி போய்விட்டது. சுயமரியாதைக்காரர்கள் செங்கற்பட்டு மாநாட்டில் சாதிப் பட்டத்தைத் துறக்கத் தீர்மானம் போட்டது 1929 பிப்ரவரியில். ஏடு அதற்கு ஓராண்டுக்கு மேல் முந்திவிட்டது.

பிறகு 1933 மே 14. நாகம்மையார் மே 11இல் காலமானார். அந்த வார இதழில் ஈ.வெ.ரா. எழுதிய இரங்கல் தலையங்கத்தைப் பலமுறை மேற்கோளாகப் படித்திருந்தாலும், முழுப் பக்கத்தில், அதன் பத்தி ஒழுங்கில் படிக்கும்போது அதன் கடுமை வேறாக இருக்கிறது. அவர் மறைந்தது துக்கமா, மகிழ்ச்சியா என்று வாசகர் திடுக்கிடும்படி கேட்டுத் தொடங்குகிறார். பெண்ணுரிமை பற்றி ஊருக்குச் சொன்னதில் நூற்றில் ஒரு பங்குகூடத் தம் மனைவியிடம் நடந்துகாட்டவில்லை என்று ஒப்புக்கொள்கிறார். எந்தத் தலைவரும் தம் சொந்த ஏட்டின் தலையங்க இடத்தில் இப்படி எழுதியதாக என் வாசிப்பில் இல்லை. மனைவி இறந்து மூன்றே நாளில், அச்சுக்குப் போகும் அவசரத்தில் எழுதப்பட்டது அது. வார இதழின் கெடு அந்த எழுத்தை மெருகிட விடவில்லை. அதுவே அதன் உண்மைக்கு நல்லதாகவும் போயிற்று.

குடி அரசு 1949 நவம்பர் 5 இதழோடு முடிந்தது. அந்த ஆண்டு ஜூலையில் மணியம்மையாருடன் திருமணம், செப்டம்பரில் திராவிட முன்னேற்றக் கழகத்தின் பிறப்பு என்று இயக்கமே இரண்டாகியிருந்த நேரம். நாளேடாக விடுதலை சென்னையில் நிலைபெற்றுவிட்டதால், ஈரோட்டு வார ஏட்டுக்கு இனி வேலை இல்லை என்று ஆகியிருக்க வேண்டும். ஆனால் அதன் பக்கங்களுக்கு வேலை இருந்தது. வே. ஆனைமுத்து 1974இல் திருச்சியிலிருந்து கொண்டுவந்த மூன்று பெருந்தொகுதிகளில் பெரும்பங்கு குடி அரசிலிருந்து எடுத்ததுதான். பிறகு பெரியார் திராவிடர் கழகத்தினர் இதழின் எழுத்துகளை ஆண்டு வாரியாக வெளியிட முனைந்தபோது, உரிமை தங்களுடையது என்று திராவிடர் கழகத் தரப்பு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2009 ஜூலையில் நீதிபதி கே. சந்துரு தடை கேட்ட மனுவைத் தள்ளினார். மேல்முறையீடும் 2010இல் தள்ளுபடியானது. அதன் பிறகே 1925 முதல் 1938 வரையிலான எழுத்துகள் 27 தொகுதிகளாக வெளிவந்தன. யாரும் மறுபதிப்புச் செய்யலாம் என்ற மனநிலையில் எழுதப்பட்ட ஓர் ஏட்டுக்காக அதன் வாரிசுகள் இருவர் நீதிமன்றத்தில் மோதிக்கொண்டது எனக்கு உவப்பாக இல்லை. ஆனால் அந்த வழக்கின் பயனாகத்தான் இன்று என் போன்றவர்கள் வீட்டில் இருந்தபடியே குடி அரசைப் படிக்க முடிகிறது.

அண்ணாதுரையும் கருணாநிதியும் வேலை பார்த்த பிந்திய ஆண்டுகள் அந்த 27 தொகுதிகளுக்கு வெளியே நிற்கின்றன. அவற்றைப் பக்கம் பக்கமாகப் பார்க்க இன்னும் சில நாட்கள் நூலகத்தில் உட்கார வேண்டும். அதை முடித்த பிறகு காஞ்சிபுரத்துக்குப் போய், ஈரோட்டில் தொழில் பழகிய அண்ணாதுரை தாமே தொடங்கிய ‘திராவிட நாடு’ எப்படி நடந்தது என்று பார்க்க எண்ணியிருக்கிறேன்.